காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது? இன்சுலினும் அதோடு சேர்ந்து இயங்கும் ஹார்மோன்களும்

இரவு அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது சர்க்கரை 120. அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 150. சர்க்கரை நோய் உள்ள பலருக்கு இது பழகிப்போன குழப்பம். "ராத்திரி எழுந்து எதையாவது சாப்பிட்டிருப்பீங்க" என்று வீட்டில் இருப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். நாளாக ஆக, நோயாளிக்கே தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த 30 புள்ளிகளை ஏற்றியது அவருடைய கல்லீரல். அதை ஏற்றச் சொன்னவை ஹார்மோன்கள். சர்க்கரை நோயைப் பற்றி எங்கு பேச்சு வந்தாலும் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்பதிலேயே அது முடிந்துபோகிறது. உணவு முக்கியம்தான். ஆனால் உடலுக்குள் நடப்பது என்னவென்று தெரியாமல் உணவுப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால், காலைச் சர்க்கரையும் புரியாது, இப்போது உலகமே பேசும் எடை குறைப்பு ஊசிகளும் புரியாது. ஆகவே அடியிலிருந்து வருவோம்.

ரத்தத்தில் இருப்பது ஐந்து கிராம்

நாம் சாப்பிடும் மாவுச்சத்தும் இனிப்பும் செரித்து, கடைசியில் ரத்தத்தில் சேரும் எளிய சர்க்கரைக்குக் குளுக்கோஸ் என்று பெயர். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பரிசோதனை அறிக்கையில் '100' என்று வந்தால், ஒவ்வொரு நூறு மில்லிலிட்டர் ரத்தத்திலும் நூறு மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். பெருக்கிப் பாருங்கள்: மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவு. '200' என்று வந்து நாம் பதறும்போதுகூட அது 10 கிராம்தான்.

இன்னொரு கணக்கு. மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. மணிக்கு ஐந்து கிராம். அதாவது ரத்தத்தில் உள்ள மொத்தக் குளுக்கோஸையும் மூளை ஒரே மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்படியானால் இரவு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் தூங்குகிறோமே, நமக்கு ஏன் எதுவும் ஆவதில்லை? யாரோ விடாமல் உள்ளே குளுக்கோஸை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் விடை.

வீட்டின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம்தான் தொட்டி, குளுக்கோஸ் தண்ணீர். தொட்டிக்குள் தண்ணீர் வர இரண்டு குழாய்கள்: ஒன்று குடலிலிருந்து, இன்னொன்று கல்லீரலிலிருந்து. குடல் குழாயில் சாப்பிட்டபின் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். கல்லீரல் குழாய் இரவு பகலாக மெல்லச் சொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டியிலிருந்து வெளியே போகும் வழிகளில் மூளைக்குப் போவது எப்போதும் திறந்தே கிடக்கிறது. தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகும் வழிகளில் மட்டும் திருகு உண்டு. தொட்டியின் நீர்மட்டம் கூடாமலும் குறையாமலும் இருக்க, உள்ளே வருவதும் வெளியே போவதும் நிமிடத்துக்கு நிமிடம் சரிக்கட்டப்பட வேண்டும்.

பலர் நினைப்பதுபோல் ரத்தச் சர்க்கரை என்பது 'நேற்று என்ன சாப்பிட்டேன்' என்பதன் பதிவு மட்டுமல்ல. இரண்டு வரத்துக்கும் பல செலவுகளுக்கும் இடையே அந்த நொடியில் நிற்கும் மட்டம் அது.

திருகைத் திருப்புவது யார்?

ஓர் உறுப்பில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் உறுப்பின் வேலையை மாற்றும் வேதிப்பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். வயிற்றின் பின்புறம் இருக்கும் கணையத்தில் செல்கள் தீவுகள்போலத் திட்டுத்திட்டாக இருப்பதை 1869இல் ஜெர்மன் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் ஜோசப் ஃபான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்குக் கடும் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போதுதான் உறுதியானது. 1921இல் டொரான்டோவில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் அந்தத் தீவுகளின் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்தபின், 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் காத்தது அந்தச் சாறு. அதுதான் இன்சுலின்.

இன்சுலினைச் சுரப்பவை தீவுகளில் உள்ள பீட்டா செல்கள். சாப்பிட்டபின் குளுக்கோஸ் ஏறியதும் இவை இன்சுலினை வெளியே விடுகின்றன. அது முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். 'குழாயை மூடு, வந்ததைச் சேமித்து வை' என்பது அங்கே அதன் உத்தரவு. அடுத்துத் தசைக்குப் போகிறது.

தசைச் செல்லுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குளுக்கோஸ் உள்ளே நுழையப் பயன்படும் புரதங்கள் சாதாரண நேரத்தில் செல்லின் சுவரில் அதிகம் இருப்பதில்லை. சின்னஞ்சிறு பைகளுக்குள் அடைபட்டுச் செல்லின் உட்புறத்தில் கிடக்கின்றன. இன்சுலின் செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டதும் உள்ளே ஒரு சங்கிலி வினை ஓடி, அந்தப் பைகள் சுவரை நோக்கி நகர்ந்து அதோடு ஒட்டிக்கொள்கின்றன. புரதங்கள் வெளியே தலைகாட்டுகின்றன, குளுக்கோஸ் உள்ளே பாய்கிறது. சில நிமிடங்களில் நடந்துவிடும் வேலை இது.

இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது குளுக்கோகான். அதே தீவுகளில் உள்ள ஆல்ஃபா செல்கள் இதைச் சுரக்கின்றன. சர்க்கரை இறங்கும்போது, கல்லீரல் குழாயைத் திறக்கச் சொல்வது இதன் வேலை. கல்லீரலில் சுமார் நூறு கிராம் குளுக்கோஸ் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிப்பில் இருக்கும். அது குறையும்போது புரதத்தின் கூறுகள் போன்றவற்றிலிருந்து புதிதாகவே குளுக்கோஸைச் செய்யவும் கல்லீரலால் முடியும்.

காலை ஆறு மணிக்கு நடப்பது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். விடியற்காலையில் உடல் எழுந்திருக்கத் தயாராகிறது. வளர்ச்சி ஹார்மோனும், அட்ரினல் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசாலும் அந்நேரம் ஓங்கி நிற்கின்றன. இரண்டும் இன்சுலினின் வேலையைக் கொஞ்சம் தடுக்கும், கல்லீரலைக் கூடுதலாகக் குளுக்கோஸ் விடச் சொல்லும். நோய் இல்லாதவருக்கும் இது தினமும் நடக்கிறது. அவருடைய கணையம் சிறிது அதிக இன்சுலினைச் சுரந்து சரிக்கட்டிவிடுவதால் அவருக்குத் தெரிவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தச் சரிக்கட்டல் போதவில்லை. அதனால் மட்டம் ஏறுகிறது.

இதனால்தான் இரவு உணவையே விட்டுவிட்டாலும் சிலருக்குக் காலைச் சர்க்கரை இறங்குவதில்லை. சர்க்கரை நோய்க்கு மிக அதிகமாகத் தரப்படும் மாத்திரையான மெட்ஃபார்மின் முக்கியமாக வேலை செய்வதும் இந்தக் கல்லீரல் குழாயில்தான். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும் என்பதால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. இந்த வதந்தியை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள், எதற்குப் பயந்தார்களோ அதையே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வதும் உண்டு. அவர்கள் காலை அளவை மட்டும் பார்த்துவிட்டுத் தாங்களாக மருந்தைக் கூட்டக் கூடாது. இரவு மூன்று மணி வாக்கில் ஓரிரு நாள் பார்த்து மருத்துவரிடம் சொல்வது நல்லது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ரத்தத்தில் குளுக்கோஸ் மிகக் குறைவு, ஆனால் வரத்தும் செலவும் அதிகம். கல்லீரல் குழாயை இன்சுலின் மூடுகிறது, குளுக்கோகானும் கார்ட்டிசாலும் திறக்கின்றன. தசைக்குப் போகும் வழியை இன்சுலின் திறக்கிறது.

இன்சுலின் இருந்தும் வேலை நடக்காதபோது

சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் இல்லாமை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1936இல் லண்டனில் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. சிலருக்கு இன்சுலின் கொடுத்தும் ஏறியது. இரண்டும் வேறு வேறு நோய் என்று அவர் எழுதினார். 1960 வாக்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் உள்ள நுண்ணிய அளவு இன்சுலினையே அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அளந்தபோது, நடுவயதில் சர்க்கரை நோய் வந்த பலருக்கு இன்சுலின் குறையவே இல்லை என்று தெரிந்தது. சிலருக்கு அதிகமாகவே இருந்தது. அந்த முறைக்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இன்சுலின் போதிய அளவு இருந்தும் கல்லீரலும் தசையும் அதன் உத்தரவுக்குச் சரியாகப் பணியாத நிலைக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். தொட்டியில் திருகு துருப்பிடித்த மாதிரி. திருப்ப அதிக பலம் தேவைப்படுகிறது. கணையம் அந்த பலத்தைத் தருகிறது, கூடுதல் இன்சுலினைச் சுரந்து. ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடும். அந்தக் காலம் முழுக்கச் சர்க்கரை அறிக்கை இயல்பாகவே இருக்கும். ஒரு நாள் பீட்டா செல்கள் களைத்துப்போய் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் மட்டம் ஏறத் தொடங்கும். டைப் 2 சர்க்கரை நோய் என்பது இதுதான். எதிர்ப்பும் களைப்பும் சேர்ந்தால்தான் வரும். இன்சுலின் எதிர்ப்பு இருந்தும் வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை நோய் வராதவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பீட்டா செல்கள் தாக்குப்பிடித்துவிடுகின்றன. அந்தத் தாங்குதிறனில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே 'நாக்கைக் கட்டாததால் வந்தது' என்று ஒருவரைக் குற்றம் சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாதது. அது மனிதத்தன்மையும் அல்ல.

திருகு ஏன் துருப்பிடிக்கிறது? ஆய்வாளர்கள் முதன்மையாகக் காட்டும் காரணம், இருக்கக்கூடாத இடத்தில் கொழுப்பு. தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசுதான் கொழுப்பைப் பாதுகாப்பாக வைக்கும் இடம். அங்கே இடம் நிரம்பிவிட்டால் கொழுப்பு கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போய்ப் படிகிறது. செல்லுக்குள் சேரும் இந்தக் கொழுப்பின் சில இடைநிலைப் பொருள்கள், மேலே சொன்ன சங்கிலி வினையை நடுவிலேயே தடுத்துவிடுகின்றன. பைகள் சுவருக்கு நகர்வதில்லை.

தோலுக்கடியில் எவ்வளவு சேமிக்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் 100 கிலோவிலும் நன்றாக இருக்கிறார்கள், சிலருக்கு 65 கிலோவிலேயே கொழுப்பு வழிந்துவிடுகிறது. ஒல்லியாக இருப்பவருக்கும் டைப் 2 வருவதற்கு இது ஒரு காரணம். தெற்காசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்குவதால், பல நாடுகளின் வழிகாட்டுதல்களில் அவர்களுக்கான எடை வரம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் இதே இடத்தில் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது அந்தப் பைகள் இன்சுலின் இல்லாமலே சுவருக்கு நகர்கின்றன. துருப்பிடித்த திருகைத் தொடாமலே தசைக்குள் குளுக்கோஸ் போக இன்னொரு வழி. சாப்பிட்டபின் பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் சர்க்கரை கண்ணெதிரே இறங்குவது இதனால்தான். நடையை வெறும் எடை குறைக்கும் வேலையாக நினைப்பவர்கள், எடை குறையவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் அந்த நடை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

டைப் 1 முற்றிலும் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை எதிரியாக எண்ணி அழித்துவிடுகிறது. இன்சுலின் ஏறக்குறைய அற்றுப்போகிறது. பெரும்பாலும் சிறுவயதில் வருகிறது என்றாலும் முப்பது நாற்பது வயதிலும் வரலாம். இவர்களுக்கு இன்சுலின் மாற்றே இல்லாத உயிர்மருந்து. எந்த மூலிகையாலும் எந்த உணவுமுறையாலும் அதை நிறுத்த முடியாது. யாராவது நிறுத்தச் சொன்னால் அது உயிருக்கே உலை வைக்கும் ஆலோசனை.

டைப் 2 உள்ளவர்களிடமும் 'இன்சுலின் கடைசிக் கட்டம், ஆரம்பித்தால் அவ்வளவுதான்' என்ற பயம் ஊறிக்கிடக்கிறது. களைத்த பீட்டா செல்களுக்கு ஓய்வு தருவதற்காகத் தொடக்கத்திலேயே சில காலம் இன்சுலின் கொடுத்துவிட்டு, பிறகு நிறுத்துவதும் உண்டு. சர்க்கரை பல ஆண்டுகள் உயர்ந்தே இருந்ததால் வந்த பாதிப்பை, அப்போது தொடங்கிய இன்சுலின்மேல் பழிபோட்டதால் உருவான பயம் இது.

ஹெச்பிஏ1சி என்ன சொல்கிறது?

ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்மேல் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழ்வதால், எத்தனை சதவீதத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். அதுதான் ஹெச்பிஏ1சி. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை முன்நிலை. வெறும் வயிற்றில் 126ம் அதற்கு மேலும் இருப்பதும் நோயின் அடையாளம். ரத்தசோகை, அண்மையில் ரத்தம் ஏற்றியது, ஹீமோகுளோபினின் பிறவி வேறுபாடுகள் ஆகியவை இந்தச் சராசரியைப் பிறழச் செய்யும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற ஹார்மோன்களும் இதே தொட்டியில்

மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்தவுடன் சர்க்கரை எகிறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த மருந்து கார்ட்டிசாலின் நெருங்கிய உறவு. காய்ச்சல், அறுவை சிகிச்சை, நீடித்த தூக்கமின்மை ஆகியவற்றிலும் இதே வழியில்தான் சர்க்கரை ஏறுகிறது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் வேண்டுமென்றே இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்குகின்றன, குழந்தைக்குக் குளுக்கோஸ் தாராளமாகப் போவதற்காக. தாயின் கணையத்தால் ஈடுகொடுக்க முடியாதபோது கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. 24 முதல் 28 வாரங்களில் பரிசோதிப்பது இதற்குத்தான். பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவம் முடிந்த கையோடு இதை எல்லோரும் மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறும் இதோடு பின்னிக்கிடக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குப் பணியாதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது அல்லவா? அந்த மிகுதி இன்சுலினைச் சினைப்பை கேட்டுக்கொள்கிறது. அளவுக்கு மீறி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உண்டாக்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, முகப்பரு எல்லாம் அதன் விளைவு. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பதும் மிகுதி இன்சுலினின் அடையாளம். தேய்த்துக் குளிக்காததால் வந்த அழுக்கு என்று பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் ஒருமுறை சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

குடலும் ஹார்மோன் சுரக்கும்

அண்மைக்கால ஆராய்ச்சியில் மிகப் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்தது இங்கேதான். 1960களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். குளுக்கோஸை ஊசி வழியே நேராக ரத்தத்தில் ஏற்றினால் கணையம் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. ரத்தத்தில் அதே அளவுக்குச் சர்க்கரை ஏறும்படி வாய்வழியாகக் கொடுத்தால் அதைவிட மிக அதிகமாகச் சுரக்கிறது. இரண்டிலும் மட்டம் ஒன்றுதான். அப்படியென்றால் குடல் தனியாக ஏதோ செய்தி அனுப்புகிறது.

அந்தச் செய்திகளுக்கு இன்கிரெட்டின் ஹார்மோன்கள் என்று பெயர். முக்கியமானவை இரண்டு: ஜிஐபி, ஜிஎல்பி-1. உணவு வந்திருக்கிறது, தயாராகுங்கள் என்று கணையத்துக்கு முன்கூட்டியே சொல்பவை இவை. டைப் 2 நோயாளிகளிடம் இந்த முன்னறிவிப்பு வலுவிழந்துபோவதை 1986இல் மைக்கேல் நவுக் காட்டினார். ஜிஎல்பி-1 நான்கு வேலைகளைச் செய்கிறது: இன்சுலினைக் கூட்டுகிறது, குளுக்கோகானைக் குறைக்கிறது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, மூளையிடம் 'வயிறு நிறைந்தது' என்கிறது. இன்சுலினைக் கூட்டும் வேலையைச் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும்தான் செய்யும். ஆகவே இதைத் தனியாகக் கொடுத்தால் தாழ்சர்க்கரை வரும் ஆபத்து குறைவு.

இதை மருந்தாக்குவதற்குத் தடை ஒன்றே ஒன்று. உடலில் உள்ள ஒரு நொதி ஜிஎல்பி-1ஐ ஓரிரு நிமிடங்களில் சிதைத்துவிடும். வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷ உமிழ்நீரை ஆராய்ந்த ஜான் எங் என்ற மருத்துவர், 1992இல் அதில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அமைப்பில் பாதிக்குமேல் ஜிஎல்பி-1ஐ ஒத்தது, அதே வேலையைச் செய்தது, ஆனால் அந்த நொதியால் எளிதில் சிதைக்க முடியாதது. அதன் செயற்கை வடிவமான எக்செனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு இருமுறை போட வேண்டிய ஊசி அது. பின்னால் வந்த செமாக்ளூட்டைட் மனித ஜிஎல்பி-1ஐயே மாற்றியமைத்து, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தது. வாரத்துக்கு ஒரு ஊசி போதும். 2022இல் அனுமதி பெற்ற டிர்செபடைட் ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

உடல் பருமன் உள்ள, சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளூட்டைட் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதம். டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரங்களில் சுமார் 21 சதவீதம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது செமாக்ளூட்டைட் பற்றி 2023இல் வந்த முடிவு: இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன.

இந்த ஊசிகள் இன்சுலின் அல்ல. இரண்டும் தோலுக்கடியில் போடும் ஊசி என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டைப் 1 உள்ளவர் இன்சுலினுக்குப் பதிலாக இதைப் போட்டால் உயிருக்கு ஆபத்து. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கற்களும் அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக்கூடாது. குறையும் எடையில் ஒரு பகுதி தசையும்கூட. குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் தசையையே இழப்பது நல்லதல்ல என்பதால், போதிய புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் இந்த மருந்தோடு சேர்ந்தே வர வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள்: ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசி ஹார்மோன் சார்ந்தது, மன உறுதிக் குறைவால் மட்டும் வருவதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. விசேஷத்துக்கு முன் நாலு கிலோ குறைக்க மருத்துவரைப் பார்க்காமல் வாங்கிப் போடும் மருந்து அல்ல இது.

சிறுநீரகத்தின் வழியையும் ஒரு மருந்துக் குடும்பம் பயன்படுத்துகிறது. வடிகட்டிய குளுக்கோஸைச் சிறுநீரகம் வழக்கமாக முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதைத் தடுத்து, தொட்டியில் கூடுதலாக ஒரு வடிகால் திறப்பவை எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள். சர்க்கரைக்காக வந்தவை, இப்போது இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் தரப்படுகின்றன.

ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக: குடல் அனுப்பும் முன்னறிவிப்பை நீட்டித்துத் தருபவை அவை. கணையத்தில் பீட்டா செல் மீதி இருந்தால்தான் சர்க்கரைக்கு முழுப் பலன் கிடைக்கும்.

டைப் 2 திரும்பிப் போகுமா?

'சர்க்கரையை அடியோடு ஒழிக்கலாம்' என்ற விளம்பரங்களைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். அதனால் உண்மையான ஆய்வைச் சொன்னாலும் நம்பத் தயங்குகிறார்கள். பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் தலைமையில் நடந்த டைரக்ட் ஆய்வு 2017இல் வெளியானது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, இன்சுலின் போடாத, கூடுதல் எடையுள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து, பிறகு படிப்படியாக உணவைச் சேர்த்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோயின் வரம்புக்குக் கீழே வந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம்.

இரண்டு ஆண்டில் அந்த 46, 36 ஆனது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. ஆகவே மருத்துவர்கள் இதைக் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை, தணிவு என்கிறார்கள். மருந்தை நிறுத்தியபின் குறைந்தது மூன்று மாதம் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழ் இருந்தால் தணிவு. இதற்கு முந்தைய சிறிய ஆய்வு ஒன்றில், கடும் கலோரிக் குறைப்பு தொடங்கி ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் கரைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. கல்லீரல் குழாய் மீண்டும் இன்சுலினுக்குப் பணியத் தொடங்கிவிட்டது. பீட்டா செல்கள் மீளத்தான் மாதங்கள் ஆயின. நோய் வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு அவை மீள்வது அரிது. இதை மருத்துவக் கண்காணிப்பில்லாமல் முயலக் கூடாது. மருந்து அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

டைப் 1 ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

நோய் எதிர்ப்புத் தாக்குதல் தொடங்கிவிட்டதை, சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களை வைத்து இப்போது கண்டுபிடிக்கலாம். அந்தக் கட்டத்தில் டெப்லிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்து நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போட முடிகிறது. 2019இல் வெளியான ஆய்வில் அது சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஒரு குழந்தைக்கு ஊசியில்லாத இரண்டு ஆண்டுகள் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் அல்ல.

அழிந்த பீட்டா செல்களுக்குப் பதிலாக, வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த தீவுச் செல்களைக் கல்லீரலுக்குள் செலுத்தும் சிகிச்சையின் முடிவுகள் 2025இல் வந்தன. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் போடாமல் இருந்தார்கள். அதற்கு விலையும் உண்டு. புதிய செல்களையும் உடல் தாக்கும் என்பதால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை அவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். அதனால் தொற்று நோய்களுக்கு எளிதில் ஆளாவார்கள். தாழ்சர்க்கரை வருவதே தெரியாமல் மயங்கி விழும் அளவுக்கு ஆபத்தில் இருந்தவர்களைத்தான் இந்த ஆய்வுக்கு எடுத்ததும் அதனால்தான். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்குப் படாதபடி செல்களின் மரபணுவையே திருத்தி வைக்கும் முயற்சிகள் இப்போது மனிதர்களிடம் முதற்கட்டப் பரிசோதனையில் இருக்கின்றன.